மாளிகையில் வாழ்ந்த மக்கள் தொண்டர் – எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

ஒரு நாட்டின் தலைவர் யார் என்று கேட்டால் நாம் உடனே விடை கூறிவிடுவோம். அத்தலைவரின் மனைவி யார் என்று கேட்டால் சற்றே தயங்குவோம். தலைவருக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். அவர் மனைவிக்கு யாரும் வாக்களிப்பதில்லை. தலைவருக்குச் சம்பளம் உண்டு, மனைவிக்கு இல்லை. தலைவர் என்னென்ன செய்யலாம் என்பதைச் சட்டம் சொல்கிறது. மனைவியைப் பற்றி அது ஒரு வரிகூடச் சொல்வதில்லை. ஆயினும் அவர் உடுத்தும் உடையையும், பேசும் பேச்சையும், போகும் இடத்தையும் நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. பேசினால் ஏன் பேசினார் என்பார்கள்; பேசாதிருந்தால் ஏன் பேசவில்லை என்பார்கள்.

இத்தகைய நிலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அந்த வாழ்வை ஏழை எளியவர்களின் நன்மைக்காகப் பயன்படுத்திய ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம். அவரே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட். அவர் பிறக்கும்போதே துணிச்சலோடு பிறந்தவர் அல்லர். அழகி என்று பெயரெடுத்தவரும் அல்லர். நம்மில் பலரைப் போலவே கூச்சமும் அச்சமும் கொண்ட ஒரு சிறுமியாகத்தான் வளர்ந்தார். அதனால்தான் அவர் வரலாறு நமக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது.

தாயும் தந்தையும்

1884-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் நியூயார்க் நகரில் எலினார் பிறந்தார். செல்வம் மிக்க குடும்பம். தாயார் அன்னா, ஊரார் வியக்கும் பேரழகி. மகளோ அழகற்றவள் என்று அத்தாய் வருந்தினார். எப்போதும் சிரிக்காமல் பெரியவர்களைப் போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்த குழந்தையை, மற்றவர்கள் முன்னிலையிலேயே பாட்டி என்று கேலியாக அழைப்பார். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சிறுமிக்கு வெட்கத்தால் தரைக்குள் புதைந்துவிடலாம் போல் இருக்குமாம். விளையாட்டாகச் சொல்லும் சொல்லும் ஒரு குழந்தையின் நெஞ்சில் எத்தனை ஆண்டுகள் தங்கிவிடுகிறது!

தந்தை எலியட் மகளிடம் அளவற்ற அன்பு வைத்திருந்தார். ஆனால் மதுப் பழக்கம் அவரை அழித்துக்கொண்டிருந்தது. மருத்துவத்திற்காக அவர் ஐரோப்பா சென்றபோது குடும்பமும் உடன் சென்றது. அப்போது எலினார் பிரான்சு நாட்டில் கன்னியர் மடப் பள்ளி ஒன்றில் சில காலம் விடப்பட்டார். மொழியும் சமயமும் புதியவை; தோழிகளும் இல்லை. ஒரு நாள் வேறொரு சிறுமி நாணயம் ஒன்றை விழுங்கிவிட, எல்லோரும் அவளைச் சுற்றிக் கூடிக் கவனித்தார்கள். அதைக் கண்ட எலினார் தாமும் ஒரு நாணயத்தை விழுங்கிவிட்டதாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. பொய் சொன்ன குற்றத்திற்காகத் தாயார் வந்து அழைத்துச் செல்ல நேர்ந்தது. அந்தப் பொய்க்குப் பின்னால் இருந்தது என்ன? தன்னையும் யாராவது கவனிக்கமாட்டார்களா என்ற ஏக்கமே அல்லவா? பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது அம்மையார் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதியுள்ளார்.

1892-இல் தாயார் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். அடுத்த ஆண்டு ஒரு தம்பி இறந்தான். 1894-இல் தந்தையும் மறைந்தார். பத்து வயது நிறைவதற்குள் அச்சிறுமி தாயையும் தந்தையையும் இழந்துவிட்டாள். எஞ்சிய தம்பியோடு தாய்வழிப் பாட்டியின் கண்டிப்பான வீட்டில் வளர்ந்தாள்.

ஆசிரியை ஏற்றிய விளக்கு

பதினைந்தாம் வயதில், அதாவது நம் வயதில், எலினார் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இலண்டன் அருகே ஆலன்ஸ்வுட் என்ற பெண்கள் பள்ளியில் 1899 முதல் 1902 வரை பயின்றார். அதன் தலைமையாசிரியை மாரி சூவெஸ்திர் என்ற பிரெஞ்சு அம்மையார். அப்போது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது. பள்ளியில் பிரெஞ்சு மொழியில்தான் பேச வேண்டும். எலினாருக்கோ அம்மொழி குழந்தைப் பருவத்திலிருந்தே தெரியும். ஆகவே, எங்கும் கூச்சத்தோடு ஒதுங்கி நின்ற பெண் அங்கே முதல் நாளிலேயே தலைநிமிர்ந்து நின்றாள்.

மனப்பாடம் செய்து ஒப்பிப்பது அந்த ஆசிரியைக்குப் பிடிக்காது. தாம் கூறியதையே கட்டுரையில் திருப்பி எழுதும் மாணவிகளை அவர் ஏற்கமாட்டார். சொந்தமாக எண்ண வேண்டும், எண்ணியதைத் துணிந்து சொல்ல வேண்டும் என்பதே அவர் பாடம். விடுமுறையில் எலினாரைப் பிரான்சு, இத்தாலி நாடுகளுக்கு உடன் அழைத்துச் சென்றார். இரயில் நேரம் பார்ப்பது, பயணச்சீட்டு வாங்குவது, பெட்டிகளைக் கட்டுவது எல்லாம் மாணவியின் பொறுப்பு. ஒரு முறை இரவு நேரத்தில் இரயில் ஓர் ஊரில் நின்றதும், திட்டத்தில் இல்லாத அந்த ஊரில் இறங்கிவிடலாம் என்று ஆசிரியை கூறிவிட்டார். பாட்டி வீட்டில் கைப்பிடித்தே நடத்தப்பட்ட பெண்ணுக்கு இது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும்!

தம் வாழ்வை உருவாக்கியவர் இந்த ஆசிரியையே என்று அம்மையார் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய படத்தைத் தம் மேசைமீது பல்லாண்டுகள் வைத்திருந்தார். மூன்றே ஆண்டுகள் படித்த பள்ளி ஒரு வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

இல்லறமும் இடர்களும்

நாடு திரும்பிய எலினார், நியூயார்க் நகரின் ஏழைகள் வாழும் ரிவிங்டன் தெருவில் இருந்த தொண்டு நிலையத்தில், பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டவரின் குழந்தைகளுக்கு உடற்பயிற்சியும் நடனமும் கற்பித்தார். அப்போது தூரத்து உறவினரான பிராங்ளின் ரூஸ்வெல்ட் அவரை மணக்க விரும்பினார். நோயுற்ற ஒரு குழந்தையை வீட்டில் சேர்க்க எலினார் சென்றபோது பிராங்ளினும் உடன் சென்றார். மனிதர்கள் இப்படியும் வாழ்கிறார்களா என்று அந்தச் செல்வந்தர் வீட்டு இளைஞர் திகைத்துப் போனார். பின்னாளில் ஏழைகளுக்கான சட்டங்களைக் கொண்டுவந்த தலைவர் வறுமையின் முகத்தை முதன்முதலில் கண்டவற்றுள் அந்த மாடிப்படிகளும் ஒன்று.

1905 மார்ச் 17-இல் திருமணம் நடந்தது. எலினாரின் பெரியப்பா தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர். அவரே தந்தையின் இடத்தில் நின்று மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார். சடங்கு முடிந்ததும் விருந்தினர் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு அடுத்த அறைக்குப் போய்விட, மணமக்கள் தனியே நின்றார்கள்! தாய் வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒன்றாகவே இருந்ததால் எலினாருக்குத் திருமணத்தால் பெயர் மாறவில்லை.

ஆனால் வாழ்க்கை மாறியது. மாமியார் சாரா அம்மையார் மகன் மீது உயிரையே வைத்திருந்தவர். தமக்கும் மகனுக்குமாக இரண்டு வீடுகளை ஒட்டிக் கட்டி, இடையே கதவுகளும் வைத்தார். எந்த நேரத்தில் மாமியார் உள்ளே வருவார் என்பது மருமகளுக்குத் தெரியாது. தம் வீட்டில் தமக்கென எதுவும் இல்லையே என்று ஒரு நாள் எலினார் கண்ணீர் விட்டு அழுதார். ஆறு குழந்தைகள் பிறந்தன. அவற்றுள் ஓர் ஆண் குழந்தை பிறந்த ஆண்டிலேயே, 1909-இல், இறந்துபோயிற்று. 1918-ஆம் ஆண்டு, கணவர் மீது தாம் வைத்திருந்த நம்பிக்கை உடைந்துபோகும்படியான செய்தி ஒன்றை அம்மையார் அறிந்தார். அத்துன்பத்தை அவர் ஊரறியச் சொல்லவில்லை. குடும்பத்தைக் கலைக்கவும் இல்லை. ஆனால் அதன் பிறகு, பிறருடைய நிழலிலேயே வாழ்வது போதாது என்று உணர்ந்துகொண்டார்.

1921 ஆகஸ்டில் மற்றுமோர் இடி விழுந்தது. முப்பத்தொன்பது வயதான பிராங்ளினை இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. கால்கள் இரண்டும் செயலிழந்தன. மகன் ஊரோடு வந்து பண்ணையைப் பார்த்துக்கொண்டு ஓய்வாக இருக்கட்டும் என்றார் தாயார். மனைவி மறுத்தார். நாற்காலியில் அமர்ந்தாலும் அவர் நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்று உறுதியாக நின்றார். மாமியார் சொல்லை எதிர்த்துப் பேசியறியாத மருமகள் அன்று தன் கணவனுக்காகப் பேசினாள்.

கணவரின் பெயரை மக்கள் மறந்துவிடாதிருக்க அம்மையாரே மேடை ஏறவேண்டியதாயிற்று. பேச எழுந்தால் கைகள் நடுங்கும். குரல் கீச்சென்று உயரும். காரணமின்றிச் சிரிப்பு வந்துவிடும். கணவரின் நண்பர் லூயி ஹோ என்பவர் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டு, பிறகு குறைகளை எடுத்துச் சொல்லித் திருத்துவார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம். இலக்கிய மன்றத்தில் பேச எழுந்து முழங்கால் நடுங்கிய அனுபவம் நமக்கு உண்டல்லவா? பின்னாளில் உலக நாடுகளின் முன் பேசிய பெண்ணும் அப்படித்தான் தொடங்கினார்.

1927-இல் தோழியருடன் சேர்ந்து டாட்ஹண்டர் என்ற பெண்கள் பள்ளியை ஏற்று, அதில் வரலாறும் இலக்கியமும் கற்பித்தார். தம் வாழ்வில் மிகவும் விரும்பிய வேலை ஆசிரியப் பணியே என்பார்.

பானையின் மூடியைத் திறந்து பார்த்தவர்

1928-இல் பிராங்ளின் நியூயார்க் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசு மருத்துவமனைகளையும் விடுதிகளையும் ஆளுநர் பார்வையிட வேண்டும். நடக்க இயலாத அவர் காரில் அமர்ந்து வெளிப்புறத்தைப் பார்க்கலாம். உள்ளே செல்ல மனைவியை அனுப்பினார். முதல் நாள் அம்மையார் வெளியே வந்து, அன்றைய உணவுப் பட்டியலைக் கண்டதாகக் கூறினார். பட்டியல் போதாது, அடுப்பில் இருக்கும் பானையின் மூடியைத் திறந்து அதே உணவுதான் உள்ளதா என்று பார்க்க வேண்டும் என்றார் கணவர். கட்டில்கள் மிக நெருக்கமாக உள்ளனவா, இரவில் மட்டும் விரிக்கும் படுக்கைகளைப் பகலில் எங்காவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்றும் கவனிக்கச் சொன்னார். விரைவில் அம்மையார் அதில் மிகத் தேர்ந்தவரானார். கால் இழந்த தலைவருக்கு அவர் கால்களாகவும் கண்களாகவும் காதுகளாகவும் விளங்கினார்.

வெள்ளை மாளிகையில்

1933 மார்ச் 4-இல் பிராங்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானார். எல்லோரும் மகிழ்ந்த அந்த நாளில் அம்மையாரின் மனம் மட்டும் கலங்கியிருந்தது. தாம் விரும்பிய பள்ளி வேலை போயிற்று. இனி விருந்தினரை வரவேற்றுப் புன்னகை செய்வதே வாழ்வாகிவிடுமோ என்று அஞ்சினார். ஆனால் வந்த முதல் நாளே, மின்தூக்கியை இயக்கப் பணியாளருக்காகக் காத்திராமல் தாமே இயக்கிக்கொண்டு சென்றார். மாளிகையின் வழக்கங்கள் அன்றே மாறத் தொடங்கின.

அமெரிக்கா அப்போது கொடிய பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்தது. உழைக்கக் கூடியவர்களில் ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடிக் கிடந்தன. ஏழைகள் உண்ணும் சிக்கன உணவைத் தாமும் உண்ண வேண்டும் என்று எண்ணிய அம்மையார், ஆளுக்கு ஏழரை சென்ட் மட்டுமே செலவாகும் மதிய உணவைக் குடியரசுத் தலைவருக்கே பரிமாறச் செய்தார். அவித்த முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, உலர்ந்த பழத்தில் செய்த இனிப்பு ஆகியவையே அந்த விருந்து!

அந்நாளில் பெண் நிருபர்களுக்குச் செய்தித்தாள்களில் மதிப்பு இல்லை. அம்மையார் 1933 மார்ச் 6-இல் தம் முதல் செய்தியாளர் கூட்டத்தைக் கூட்டி, பெண்கள் மட்டுமே வரலாம் என்று விதித்தார். செய்தி வேண்டுமானால் பெண்களை வேலைக்கு வைத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை பத்திரிகைகளுக்கு ஏற்பட்டது. அவர் எந்தச் சட்டமும் இயற்றவில்லை. ஒரு கதவைத் திறந்து வைத்தார், அவ்வளவே. முதல் ஆண்டிலேயே சுமார் 3,00,000 கடிதங்கள் அவருக்கு வந்தன. வேலை கேட்டும், பழைய மேலங்கி கேட்டும், ஆறுதல் கேட்டும் மக்கள் எழுதினார்கள். 1935 டிசம்பர் இறுதியில் ‘என் நாள்’ என்னும் பத்திரிகைப் பகுதியைத் தொடங்கினார். வாரத்திற்கு ஆறு நாள் வீதம் பல ஆண்டுகள் எழுதினார்; கணவர் இறந்தபோது மட்டுமே சில நாள் நிறுத்தினார்.

1933-இல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிற்குச் சென்றார். ஒரு குடிசையில் ஆறு குழந்தைகள். ஒரு சிறுவன் வெள்ளை முயல் ஒன்றை மார்போடு அணைத்து நின்றான். அதை நாங்கள் கொன்று தின்னப் போவதில்லை என்று இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், ஆனால் தின்னத்தான் போகிறோம் என்றாள் அவன் அக்கா. சிறுவன் முயலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். மாளிகை விருந்தில் அம்மையார் இதைச் சொன்னபோது, கேட்டிருந்த ஒருவர் முயலின் உயிரைக் காக்க 100 டாலர் அனுப்பினார். ஒரு முயலைக் காக்கலாம். ஊரை யார் காப்பது? அம்மக்களுக்காக ஆர்தர்டேல் என்ற புதிய ஊர் உருவாயிற்று. 165 வீடுகள் கட்டப்பட்டன. ஆனால் செலவு மிகுந்தது. எதிர்பார்த்த தொழில்கள் வரவில்லை. அம்மையார் விரும்பியும் கறுப்பின மக்களுக்கு அங்கே இடம் தரப்படவில்லை. அவர் தொட்டதெல்லாம் வெற்றியாகிவிடவில்லை என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நிறவெறியை எதிர்த்து

1938 நவம்பரில் பர்மிங்காம் நகரில் ஒரு மாநாடு. அந்த ஊர்ச் சட்டப்படி வெள்ளையர் ஒரு புறமும் கறுப்பினத்தார் ஒரு புறமும் அமர வேண்டும். காவலர்கள் வந்து அம்மையாரை வெள்ளையர் பக்கம் போகச் சொன்னார்கள். அவர் தம் நாற்காலியை இரு பக்கத்திற்கும் நடுவே போடச் செய்து அமர்ந்தார். ஒரு சொல்லும் பேசாமல் ஒரு நாற்காலியால் அவர் பேசிவிட்டார்.

1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகிக்கு, அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் பெண்கள் சங்கம் வாஷிங்டனில் இருந்த தன் அரங்கத்தைக் கொடுக்க மறுத்தது. அச்சங்கத்தில் உறுப்பினராக இருந்த அம்மையார் உடனே விலகினார். தம் பத்திரிகைப் பகுதியில் சங்கத்தின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல், விலகியதை மட்டும் எழுதினார். நாடே அதைப் பற்றிப் பேசிற்று. பின்னர் அரசின் அனுமதியோடு, அடிமை விலங்கை உடைத்த ஆபிரகாம் லிங்கனின் நினைவகப் படிகளில் பாடகிக்கு மேடை அமைந்தது. 1939 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு அன்று. சுமார் 75,000 மக்கள் திறந்தவெளியில் திரண்டு நின்று கேட்டார்கள். அன்று பாடப்பட்டவற்றுள் அன்னை மரியாளை வாழ்த்தும் ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’வும் ஒன்று. அரங்கத்தின் கதவு மூடப்பட்டது, வானமே கூரையாயிற்று!

எனினும் கறுப்பினத்தாரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமைக்கு எதிரான சட்டத்தை ஆதரிக்கும்படி கணவரிடம் அவர் எவ்வளவோ மன்றாடியும், தென் மாநில உறுப்பினர்களின் ஆதரவை இழக்க அஞ்சிய தலைவர் அதற்காக முன்நின்று போராடவில்லை. 1942-இல் ஜப்பானிய வழித்தோன்றல்களான அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டபோதும், அம்மையார் உள்ளத்தில் வருந்தினாரேயன்றி வெளியே எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் இருந்த முகாம் ஒன்றிற்கு நேரில் சென்று பார்த்தார். தலைவரின் மனைவியாக இருப்பது அவருக்குக் குரலையும் கொடுத்தது, வாய்ப்பூட்டையும் போட்டது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரில் அம்மையாரின் நான்கு மகன்களும் படையில் இருந்தனர். 1943-இல் அவர் பசிபிக் கடற்பகுதிக்குச் செஞ்சிலுவைச் சங்கச் சீருடையில் சென்றார். பெரிய இடத்துப் பெண் வந்து தொல்லை கொடுக்கப் போகிறாள் என்று கடற்படைத் தளபதி ஹால்சி முதலில் சலித்துக்கொண்டார். ஆனால் ஐந்து வாரங்களில் 17 தீவுகள், சுமார் 4,00,000 வீரர்கள்! மருத்துவமனைகளில் ஒவ்வொரு கட்டிலாக நின்று பெயர் கேட்டு, வீட்டிற்கு என்ன செய்தி சொல்ல வேண்டும் என்று விசாரித்தார். நாடு திரும்பியபின் அந்தத் தாய்மார்களுக்குக் கடிதம் எழுதினார். உடல் எடை 30 பவுண்டு குறைந்திருந்தது. அவரைப் போல் தம் வீரர்களுக்கு நன்மை செய்தவர் வேறு எவரும் இல்லை என்று அதே தளபதி மனம் மாறினார்.

கணவருக்குப் பின்

1945 ஏப்ரல் 12-இல் குடியரசுத் தலைவர் திடீரென மறைந்தார். அச்செய்தியைத் துணைத்தலைவர் ட்ரூமனுக்கு அம்மையாரே கூறினார். உங்களுக்கு நான் என்ன உதவி செய்யட்டும் என்று அவர் உருக்கத்தோடு கேட்க, உங்களுக்கு நாங்கள் என்ன உதவி செய்யட்டும், துன்பத்தில் இருப்பவர் இப்போது நீங்கள்தானே என்று அம்மையார் திருப்பிக் கேட்டாராம். நாட்டின் சுமை அவர் தோள்மீது ஏறிய நேரம் அது.

தம் கதை முடிந்தது என்று அம்மையார் எண்ணினார். ஆனால் அதே ஆண்டு இறுதியில் ட்ரூமன் அவரை ஐக்கிய நாடுகள் சபைக்கான அமெரிக்கக் குழுவில் நியமித்தார். அக்குழுவில் அவர் ஒருவரே பெண். இவரால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று எண்ணிய ஆண்கள், மனிதநேயப் பணிகளைக் கவனிக்கும் மூன்றாம் குழுவில் அவரை அமர்த்தினார்கள். அங்கேதான் போரால் வீடிழந்த அகதிகளின் சிக்கல் வெடித்தது. சொந்த நாட்டிற்குத் திரும்ப விரும்பாதவர்களைக் கட்டாயமாக அனுப்பலாகாது என்று, சொல்வன்மை மிக்க சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கியை எதிர்த்து வாதாடி வெற்றி பெற்றார்.

பிறகு மனித உரிமை ஆணையத்தின் தலைவராகி, பல சமயத்தாரும் பல கொள்கையினரும் ஏற்கக்கூடிய ஒரு பிரகடனத்தை உருவாக்க ஈராண்டுகள் உழைத்தார். இப்பணியில் நம் பாரத நாட்டுப் பெண்மணி ஹன்சா மேத்தாவுக்கும் பங்கு உண்டு. எல்லா ஆண்களும் என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி, எல்லா மனிதப் பிறவிகளும் என்று எழுத வேண்டும் என வற்புறுத்தியவர் அவரே. ஒரு சொல்தான்; ஆனால் உலகின் பாதிப்பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். 1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில், 30 பிரிவுகள் கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவு 48, எதிர்ப்பு எதுவுமில்லை, நடுநிலை 8. அவையினர் அனைவரும் எழுந்து நின்று அம்மையாருக்குக் கைதட்டினர். அந்நாளே மனித உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1949-இல் ஒரு பூசல் எழுந்தது. நம் பள்ளியைப் போன்ற திருச்சபைப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் தரலாகாது என்று அம்மையார் எழுத, நியூயார்க் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் மிகக் கடுமையாகப் பதில் எழுதினார். அம்மையார் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கத்தோலிக்கர் மீது தமக்குப் பகை இல்லை என்பதை அமைதியாக விளக்கினார். அடுத்த மாதமே கர்தினால் அம்மையாரின் வீட்டிற்கு நேரில் சென்றார். இருவரும் நட்போடு பேசினார்கள். இந்தச் செய்தியில் அம்மையாரின் கருத்தோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. கருத்து வேறுபட்டாலும் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்கலாம் என்பதை இருவரிடமும் கற்றுக்கொள்ளலாம்.

1952-இல் பண்டித நேருவின் அழைப்பை ஏற்று இந்தியாவிற்கு வந்தார். அப்பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடி, பெண்களின் நிலையை ஆராயும் ஆணையத்திற்கு அவரைத் தலைவராக்கினார். அப்பணி முடியுமுன்னரே 1962 நவம்பர் 7-ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், இரத்தச் சோகையும் காசநோயும் வருத்த, அம்மையார் உயிர் நீத்தார். ஹைட் பார்க்கில் ரோஜாத் தோட்டத்தில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். கென்னடி, ட்ரூமன், ஐசன்ஹோவர் ஆகிய மூன்று குடியரசுத் தலைவர்கள் அங்கே தலைகுனிந்து நின்றனர்.

முடிவுரை

எலினார் அம்மையாருக்குத் தம் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறை இருந்தது. தாம் இன்னும் நல்ல தாயாக இருந்திருக்கலாம் என்று அவர் எண்ணினார். செய்தித்தாள்கள் அவருடைய பற்களையும் குரலையும் கேலி செய்தன. ஊர் சுற்றுகிறார் என்றன. வீட்டைக் கவனிக்கவில்லை என்றன. இவை எதுவும் அவரை நிறுத்தவில்லை. ஏனென்றால் யாரும் தன்னைக் கவனிக்கவில்லையே என்று ஏங்கிய அந்தச் சிறுமியை அவர் மறக்கவில்லை. வளர்ந்தபின் உலகமே அவரைக் கவனித்தது. அவரோ, யாரும் கவனிக்காதவர்களைத் தேடிப் போய்க் கவனித்தார்.

அன்புத் தோழியரே! நாம் எல்லோரும் மாளிகைக்குப் போகப் போவதில்லை. ஆனால் நம் வகுப்பிலேயே கடைசி வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒருத்தி இருப்பாள். பட்டப் பெயரால் மனம் நொந்தவள் இருப்பாள். இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்து, பேசத் தோழி இல்லாதவள் இருப்பாள். அவள் அருகே நம் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டு அமர்வோம். அம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த மரியாதை அதுவே ஆகும்.